அட்டையும் மைசூர்பாகும்

(தீபாவளிக்கு ஒரு வாரம். கடைவீதியில் ஓர் இனிப்பகம். கல்லாவில் முதலாளி, தராசடியில் மாரி. முதலாளி நேர்மையை மிகவும் மதிப்பவர், குறிப்பாக மற்றவர்களிடம். காலையில் வரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, துளித் தண்ணீர் தெரிந்தாலும் பால்காரரைத் தெருவே வேடிக்கை பார்க்க வைத்துவிடுவார்.)

முதலாளி: மாரி, தொழில் தர்மம் செத்துவிட்டது.

மாரி: யார் கொன்றது முதலாளி?

முதலாளி: பெட்டிக்காரன்தான். புதுப் பெட்டியைத் தூக்கிப் பார், ஊதினால் பறக்கிறது!

மாரி: (தராசில் வைத்து) 55 கிராம்.

முதலாளி: போன தீபாவளிக்கு?

மாரி: 90.

முதலாளி: 35 கிராமை விழுங்கிவிட்டான், பாவி.

மாரி: விலை அதே 9 ரூபாய். கிழியவும் இல்லை. நமக்கு என்ன நஷ்டம்?

முதலாளி: என்ன நஷ்டமா? மைசூர்பாகு கிலோ 800 ரூபாய். 35 கிராம் என்றால் 28 ரூபாய். அட்டை இருந்த இடத்தை இனி மைசூர்பாகு வைத்தல்லவா நிரப்ப வேண்டும்! ஆயிரம் பெட்டிக்கு 28,000. அத்தனையும் நெய்யில் செய்தது. வயிறு எரிகிறது.

மாரி: அப்படியென்றால் போன வருடம் 9 ரூபாய் அட்டையை 72 ரூபாய்க்கு விற்றிருக்கிறோம்.

முதலாளி: மெதுவாகப் பேசு.

மாரி: மைசூர்பாகில்கூட இந்த லாபம் இல்லையே. பேசாமல் வெறும் பெட்டியையே விற்கலாம். சமையல் மாஸ்டர் சம்பளமாவது மிச்சம்.

முதலாளி: ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

மாரி: பால்காரரும் அதைத்தான் சொன்னார்.

முதலாளி: அவன் கலப்படக்காரன்! பாலில் தண்ணீர் கலந்தான்.

மாரி: நாம் கலக்கவில்லை முதலாளி. அட்டை தனியாக, இனிப்பு தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி எடையைச் சரக்கு எடையில் சேர்க்கக் கூடாது என்கிறார்களே. 2009-லேயே எடையளவுச் சட்டம் வந்துவிட்டதாம்.

முதலாளி: தராசைக் குறை சொல்லாதே. வருடம் தவறாமல் முத்திரை வாங்குகிறேன்.

மாரி: தராசு மேல் ஒரு குற்றமும் இல்லை. மொத்தம் ஒரு கிலோ என்று உள்ளதைத்தான் காட்டுகிறது. அவ்வளவும் மைசூர்பாகு என்று சொல்வது நாம்தான். வெறும் பெட்டியை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு போடுவது முழுக்க இனிப்பு.

முதலாளி: அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா?

மாரி: ஆயுத பூஜையன்று நீங்கள் வைத்த சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது. மற்ற பொத்தான்களுக்கு ஆளுக்கொரு பொட்டு. இதற்கு மட்டும் கொத்தனார் வேலையே நடந்திருக்கிறது.

முதலாளி: அன்றைக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. அதிகாரி வந்தால் துடைத்துவிட்டு அழுத்திக் காட்டினால் போகிறது.

மாரி: ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனியும் இதைத்தான் செய்தது. சோதனை நடப்பதைக் கார் தானே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளையாகக் குறைவாகப் புகை விடும். சாலைக்கு வந்தால் பழைய குணம். 2015-இல் அமெரிக்காவில் குட்டு வெளிப்பட்டது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களாம்.

முதலாளி: (ஆர்வமாக) அந்த வேலைக்கு அவர்களுக்கு என்ன செலவாகியிருக்கும்?

மாரி: முதலில் மென்பொருளுக்கு. பிறகு அபராதத்துக்குப் பல்லாயிரம் கோடி.

முதலாளி: நாம் சந்தனத்தோடு முடித்துவிட்டோம். சரி, பெட்டிக்காரனுக்குப் போன் போடு. பழைய கனத்தில் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் நாணயமான வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்.

மாரி: அதற்கு முன் இந்தத் தூக்கைப் பாருங்கள். ஓர் அம்மா கொடுத்துவிட்டுப் பூக்கடைக்குப் போயிருக்கிறார். பெட்டி வேண்டாம், இதிலேயே ஒரு கிலோ போட்டு வை என்றார்.

முதலாளி: ஓகோ, பித்தளையா! நல்ல கனமாக இருக்கும். பெட்டிக் காசும் மிச்சம். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் வேண்டும். வழக்கம்போல் எடை போடு.

மாரி: போட்டுவிட்டேன். வெறும் தூக்கே 1 கிலோ 40 கிராம். நம் கணக்குப்படி சரக்கு முடிந்துவிட்டது. பில் போட்டுவிடவா? 832 ரூபாய்.

(முதலாளி தூக்குக்குள் எட்டிப் பார்க்கிறார். தெருக்கோடியில் அந்த அம்மா பூவோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.)

முதலாளி: மாரி.

மாரி: சொல்லுங்கள் முதலாளி.

முதலாளி: அந்தச் சந்தனத்தைக் கொஞ்சம் சுரண்டு.