குசினிக்குப் பின்னாலிருந்த பத்தி

கிளிநொச்சியில் எங்கள் பழைய வீடு இருந்த காணியில் திரும்பவும் கட்டப் போகிறோம். கனடாவிலிருந்து பெரியண்ணா வரைபடம் அனுப்பியிருக்கிறார். விறாந்தை, சாமியறை, நெல்மூடை அடுக்கிய அறை, கிணற்றடி, கறுத்தக்கொழும்பான் மாமரம் என்று ஒன்றையும் அவர் மறக்கவில்லை. குசினிக்குப் பின்னால், சுவரோடு சாய்த்துக் கிடுகு போட்டு இறக்கியிருந்த பத்தி மட்டும் அதில் இல்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை அந்தப் பத்தியில்தான் படுத்தாள். ஒரு பக்கம் விறகு, மறுபக்கம் யூரியாப் பைகள், நடுவில் அவளுடைய பாய். மாரியில் கிடுகு ஒழுகினால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து குந்தியிருப்பாள். கதவுக்குக் கொண்டி இருந்தது, வெளிப்பக்கத்தில். உள்ளேயிருந்து பூட்ட அவளுக்கு வழியில்லை. 1985 இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கும் பன்னிரண்டு.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவளுடையது. 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது என்று மேடைதோறும் பேசினோம். வீட்டுக்குள் அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்றோம்.

"எங்கள் பிள்ளை மாதிரித்தானே வைத்திருந்தோம்" என்று அம்மா இன்றும் சொல்வார். அம்மா பொய் சொல்பவரல்லர். தீபாவளிக்கு அவளுக்கும் சட்டை எடுத்தார், காய்ச்சலுக்கு மல்லி அவித்துக் கொடுத்தார். ஆனால் அம்மா, உங்கள் பிள்ளை நான் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அந்தச் சட்டையை அவள் தோய்த்தாள்.

2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக்பாம் முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள், பூட்ட ஒரு கதவில்லாமல் படுப்பது என்னவென்று நாங்களும் அறிந்தோம். தங்கச்சி இரவிரவாக உட்கார்ந்தே இருப்பாள். அப்போதுகூட எனக்கு அந்தப் பத்தி நினைவுக்கு வரவில்லை. அதுதான் என்னை இன்று சுடுகிறது.

அம்மாவுக்கு இப்போது நடக்க முடியாது. கூட நின்று பார்க்க ஒருவரைத் தேடுகிறோம். "அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு பத்தி இறக்கிவிடலாம்" என்று அண்ணா எழுதியிருக்கிறார்.

வேண்டாம் அண்ணா. வரப்போகிறவர் யாரோ பெற்ற பிள்ளை. அம்மாவின் அறையை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே அவருக்கு ஓர் அறை வேண்டும். யன்னலும் மின்விசிறியும் வேண்டும். சாமான் எதையும் அங்கே கொண்டுபோய் அடுக்கக் கூடாது. கொண்டி உட்பக்கத்தில் இருக்க வேண்டும். நெல் அறையைப் பாதியாக்கி வரைபடத்தைத் திருத்தி நேற்றிரவு அனுப்பிவிட்டேன். அண்ணா இன்னும் பதில் போடவில்லை.