1964-ஐ விட்டுவிட்டீர்களே
“இலங்கைத் தமிழர் உரிமைக்காக இந்தியா செய்த முதல் உடன்பாடு 1987 ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம்தான்” என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது நீலகிரியில் எங்கள் கோத்தகிரிப் பக்கம் செல்லாது. 1964 அக்டோபரிலேயே இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, நாடற்றவர்களாகக் கிடந்த 9,75,000 மலையகத் தமிழர்களை, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்திய வம்சாவளித் தமிழர்களை, பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள். உரிமை ஒப்பந்தமா, ஆட்டுக்கிடைக் கணக்கா என்று நீங்களே சொல்லுங்கள். கொழுந்து பறித்த எங்கள் பாட்டியிடம் யாரும் வந்து கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊரில் இன்றும் நாங்கள் “சிலோன்காரங்க”தான். சாதிச் சான்றிதழுக்கு என் அப்பா ஓர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும். மேலே கருத்து எழுதிய ஒருவர் “கையெழுத்தானால் பிரச்சினை தீர்ந்தது” என்கிறார். பாட்டியின் தங்கை இலங்கை மலையகத்து ஹட்டனிலேயே தங்கிவிட்டார், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல். 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்ட பிறகுதான் அவருக்கு அது கிடைத்தது. கையெழுத்துக்கும் அதற்கும் நடுவே 39 வருஷம்.