காயலான் கடைக்கா இது?

ராயபுரத்து நண்பன் மூலம் பழைய பின்பால் இயந்திரம் (கண்ணாடி மூடிய சாய்வான பலகையில் உலோகப் பந்தைத் தட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) வீட்டுக்கு வந்ததிலிருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "காயலான் கடையில் போட்டால் என்ன தேறும்?"

சிப் ஒன்றுகூட இல்லை. ரிலேக்கள் என்ற மின்காந்த சுவிட்சுகளும் மோட்டாரும் சேர்ந்தே புள்ளிக் கணக்குப் போடுகின்றன. எண் உருளைகள் சுழல்கின்றன, மணி நிஜமாகவே அடிக்கிறது. இது பழைய இரும்பா? பந்தைத் தட்டும் துடுப்பு 1947இல்தான் வந்தது என்று சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். கடல் காற்றில் கறுத்த, சுவிட்சுகளில் மின்சாரம் பாயும் தொடுமுனைகளை நான் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இவர்கள் கண்ணாடி மேல் டீ டம்ளரை வைக்கிறார்கள்! வட்ட வட்டமாகக் கறை. எடுக்கச் சொன்னால் முகம் சுளிப்பு வேறு.

போதாததற்கு, "உன் நண்பன் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார்கள். கட்டிவிட்டானா? மாமா வீட்டை இடிக்கும்போது, சுத்தியலோடு நின்றவர்களைத் தடுத்து இதை மீட்டவன் அவன். அவனைக் குறை சொல்ல இவர்கள் யார்?