ரத்தம் தோய்ந்த சட்டையை எதில் போடுவது?

குற்றம் நடந்த இடத்துத் தடயங்களை ஆராயும் தடயவியலைப் பாடமாக நடத்துகிறேன்; கொலைக்கதைகளும் எழுதுகிறேன். அதைப் பற்றிக் கேள்வி எழுந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். "தடயவியல் பாடம் நடத்துகிறவரே கொலைக்கதையும் எழுதினால், அது குற்றவாளிக்கு டியூஷன் எடுப்பது போலத்தானே?" என்று ஒரு மூத்தவர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. பதில் சொல்ல எனக்கு மைக் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கதைகளில் எப்படிக் கொல்வது என்று இல்லை. கொன்ற பிறகு என்ன மிஞ்சுகிறது என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

பிரான்ஸின் லியோன் நகரில் 1910இல் போலீஸ் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோக்கார், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை விரும்பிப் படித்தவர். தொட்ட இடத்தில் ஏதோ ஒன்று ஒட்டும், ஏதோ ஒன்று விட்டுப்போகும் என்ற அவருடைய தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதினால் என் மாணவர்கள் பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள். 1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்ல ஆரம்பித்தால் ஒருவரும் அசைய மாட்டார்கள். ரயிலில் வந்த டிரங்குப் பெட்டி, அதற்குள் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலை, ராணுவப் பதிவோடு ஒத்துப்போன கைரேகை. அன்றைக்கு நடத்திய பாடம் அவர்களுக்கு மறக்காது. கதைக்கு அந்த பலம் உண்டு. அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ரத்தம் பட்ட இடத்தைத் தேடத் தெளிக்கும் ரசாயனம் லுமினால்; ரத்தத்தில் பட்டால் இருட்டில் ஒளிரும். "ப்ளீச் பட்டாலும் லுமினால் ஒளிரும் என்று எழுதினீர்களே, இனி கொலைகாரன் ப்ளீச் ஊற்ற மாட்டானா?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, அது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் எழுதியது வேறு ஒருவருக்காக. குளியலறையை ப்ளீச் போட்டுக் கழுவிவைத்த ஒரே காரணத்தால் ஓர் அப்பாவி கொலைகாரன் ஆகிவிடக் கூடாது. லுமினால் ஒளிர்ந்தால் ரத்தமாக இருக்கலாம், அவ்வளவுதான். அடுத்த பரிசோதனை செய்யாமல் முடிவு கட்டக் கூடாது. இதைச் சொல்வது குற்றவாளிக்கு உதவியா?

குழந்தைகள் படித்தால் என்ன ஆகும் என்கிறார்கள். நான் குழந்தைகளுக்கு எழுதவில்லை.

பயிற்சிக்கு வந்த ஒரு காவலர், வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "மேடம், ரத்தம் பட்ட துணியை இத்தனை வருஷமா பாலித்தீன் கவர்லதான் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்க கதையைப் படிச்சப்புறம்தான் பேப்பர் கவருக்கு மாறினேன்." ஈரத்தோடு பாலித்தீனில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதையும். நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும். இது அவருக்குப் பயிற்சிக் கையேட்டிலும் இருந்திருக்கும். மனதில் தங்கியது கதையில் படித்தபோதுதான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். அதற்குத் தயாராக மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. சரி, நிபுணர் வந்து சேரும்வரை அந்த இடத்தை மிதிக்காமல் இருக்க வேண்டியது யார்? அக்கம்பக்கத்தார், உறவினர், முதலில் ஓடிவரும் நீங்களும் நானும். நமக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அப்பா சாலை விபத்தில் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. பிணவறை வாசலில் நாலு மணி நேரம் நின்றோம். உள்ளே என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று எங்களிடம் ஒருவரும் பேசவில்லை. அவருடைய சட்டையை ஈரத்தோடு ஒரு பாலித்தீன் பையில் சுருட்டி சித்தப்பா கையில் கொடுத்தார்கள். எந்த வண்டி மோதியது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தச் சட்டையில் பெயின்ட் துகள் ஒட்டியிருக்கலாம், கண்ணாடித் தூள் இருந்திருக்கலாம் என்று இந்தப் படிப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அம்மா அதைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. கதையாகத்தான் எழுதினேன். கைதட்டியவர்களில் யாராவது அந்தக் கதையைப் படித்தீர்களா?