ஆயா வேலைக்கா இந்தப் படிப்பு?
அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் குழந்தை வளர்ச்சி படிப்பதை "ஆயா வேலைக்கு ஒரு சர்டிபிகேட்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற பாலர் பள்ளியில் முழுத் தகுதியுள்ள ஆசிரியராக இத்துறையில் 12 யூனிட்டும் (யூனிட் என்பது பாடத்தின் அளவு) கொஞ்சம் அனுபவமும் வேண்டும். மாநில அரசு தரும் டீச்சர் பெர்மிட் என்றால் 24 யூனிட், கூடவே பொதுப்பாடங்களில் 16 யூனிட். குழந்தை, குடும்பம், சமூகம் மூன்றையும் சேர்த்து ஒரு தனிப் பாடமே உண்டு. ஆனால் கஷ்டமானது, குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுதும் உற்றுநோக்கல் வகுப்புதான். "பையன் கோபமாக இருந்தான்" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். கட்டையை எறிந்தான், கதவைப் பார்த்தான் என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வராது, எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுவோம்! சம்பளம் குறைவு என்றீர்கள், சரி. அதற்குப் படிப்பைக் குறை சொல்வானேன்?