சர்க்கரை போடாமல் இனிக்கும் களி

பின்லாந்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், மெம்மியைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. கோதுமையைப் போன்ற ரை என்ற தானியத்தில் ஈஸ்டருக்குச் செய்யும் அந்தக் களி கன்னங்கரேலென்று, தார்ச் சட்டியிலிருந்து வழித்தெடுத்ததைப் போல இருக்கும் என்பது உண்மைதான். பின்லாந்துக்காரர்களிலேயே அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்நாட்டின் துர்க்கு நகரில் குடியிருக்கும் நானும் பல ஆண்டுகள் கடையில் அதைத் தாண்டியே போனேன். சென்ற ஆண்டு வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு ஒரு மனக்குறை: அதன் நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அதற்கு இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

பழைய முறையில் ரை மாவு, முளைகட்டி உலர்த்தி அரைத்த ரை மாவு, தண்ணீர், உப்பு, கசப்பு ஆரஞ்சின் தோல் பொடி ஆகியவை மட்டுமே சேரும், சர்க்கரை கிடையாது. 60, 65 டிகிரிச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் இரு மாவுகளிலும் கொஞ்சம் கரைத்து, மேலே மாவைத் தூவி மூடி, அந்தச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு மேலும் மாவு சேர்த்து மீண்டும் வைக்க வேண்டும். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதி அந்த நேரத்தில் மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்கிவிடுகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கூழ் காய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. சாதாரண மாவைப் போல அது இறுகாமல் நீர்த்து நிற்பதும் இதே நொதியின் வேலைதான்.

எனக்குத்தான் அது உறைக்கவில்லை. களி என்றாலே உலைநீர் கொதிக்க வேண்டும் என்ற பழக்கத்தில், முதல் முறை தளதளவென்று கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிக் கிளறினேன். அந்தச் சூட்டில் நொதி செத்துப்போய், மூன்று மணி நேரம் அடுப்பில் வெந்த பிறகும் கசப்பும் மண்வாசனையுமாக ஒரு கட்டிதான் மிஞ்சியது. போதாக்குறைக்குத் தட்டை விளிம்புவரை நிரப்பியிருந்ததால் பொங்கி வழிந்து, ஓவனின் அடித்தட்டைச் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது.

பக்கத்து வீட்டு மூதாட்டிதான் வழிகாட்டினார். (இங்கே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் வாய் வரவில்லை.) அவர் வெப்பமானியைக் கையில் கொடுத்து, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி வைக்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தபோது, வெறும் மாவுக் கரைசலில் மெல்லிய இனிப்பு இறங்கியிருந்ததை என்னால் நம்ப முடியவில்லை. இப்படி இனிக்க வைப்பதற்கென்றே பின்னிஷ் மொழியில் 'இமெல்லுத்தே' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சம் மாவு கலந்து, சில மணி நேரம் கதகதப்பில் வைத்துச் செய்யும் பண்டத்துக்கும் அதே சொல்தான்.

ஆகவேதான், 'மாவைக் காய்ச்சிப் பாகை ஊற்றுங்கள், அரை மணியில் மெம்மி தயார்' என்று சொல்லும் சமையல் குறிப்புகள் மீது எனக்குக் கோபம் வருகிறது. நிறத்துக்கும் சுவைக்கும் கொஞ்சம் பாகு சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. இன்று பெரும்பாலானோர் சேர்க்கிறார்கள். ஆனால் மாவைக் காக்க வைக்காமல் பாகை மட்டும் ஊற்றினால் கிடைப்பது இனிப்புப் பசைதானே தவிர மெம்மி அல்ல.

பெரிய வெள்ளியன்று சமைக்காமல் ஆறின உணவையே உண்ட காலத்தில் இதை முன்கூட்டியே செய்து பூர்ச்சமரப் பட்டைப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். இன்றைய அட்டைப் பெட்டிகளில் அந்தப் பட்டையின் படத்தை மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். மேலே பாலேடு ஊற்றிச் சாப்பிடும்போது, அந்த மெல்லிய கசப்பு எனக்கு நாரத்தங்காயை நினைவூட்டும்.

இரண்டாம் முறை செய்ததை மூதாட்டியிடம் கொண்டுபோனேன். ஒரு கரண்டி வாயில் போட்டவர், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். ஒரு நாள் என்றேன். இன்னும் மூன்று நாள் குளிரில் கிடக்கட்டும் என்று பெட்டியை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.