விசாரிக்காதவர்களின் காப்பியம்

சிலப்பதிகாரம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் மூச்சுவிடாமல் மூன்று விடைகளைச் சொல்லிவிடுவோம். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். பள்ளிக்கூடம் அப்படிப் பழக்கியிருக்கிறது. நூலின் முகப்பில் உள்ள பதிகமே அப்படிச் சொல்லும்போது வாத்தியாரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பதிகம் இளங்கோவின் கை அல்ல, பின்னால் வந்த ஒருவர் சேர்த்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். 30 காதைகள் கட்டிய ஒரு கவிஞர் வாசலிலேயே விடைத்தாளை நீட்டுவார் என்று நம்ப மனம் வரவில்லை.

அண்மையில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படிக்க நேர்ந்தது. பலவற்றில் கடைசிப் பத்தி வந்ததும் யாராவது ஒரு தாத்தாவோ ஆசிரியையோ எழுந்து கதையின் கருத்தைச் சொற்பொழிவாக ஆற்றிவிடுகிறார்கள். அதுவரை நடந்தவற்றின்மேல் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. கருத்து என்பது கடைசியில் சேர்க்கிற உப்பு என்று நினைக்கிறார்கள் போலும். அவர்களுக்கு நான் சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதியைத்தான் படிக்கச் சொல்வேன்.

இந்திர விழா முடிந்த பிறகு புகார்க் கடற்கரை. கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான், பிறகு யாரோ ஒரு பெண்மேல் காதல் கொண்டவன் போலப் பாடுகிறான். இவன் மனத்தில் வேறு குறிப்பு இருக்கிறது என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். ஊடலோடு யாழைத் தன் கைக்கு வாங்கித் ‘தானும் ஓர் குறிப்பினள் போல்’ பாடுகிறாள். அந்தப் ‘போல்’ நமக்குத் தெரிகிறது, கோவலனுக்குத் தெரியவில்லை. இவள் வேறொருவன்மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று முடிவுகட்டி, கையை நெகிழ்த்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். ஏன் இப்படிப் பாடினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தன் தோழி வசந்தமாலை கையில் கொடுத்தனுப்பிய மடலையும் வாங்க மறுக்கிறான். ஆடல் மகள்தானே, நடிப்பாள் என்பது அவன் தீர்ப்பு. வழக்கு முடிந்தது, சாட்சி விசாரணை இல்லை.

இப்போது மதுரைக்கு வாருங்கள். அங்கும் ஆடலும் பாடலும்தான். அரசவையில் ஆடிய மகளிர் பாண்டியன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டார்கள் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே காட்டாமல், தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். (இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை பேசுகிறவர்கள் இந்தத் தலைவலியையும் சேர்த்துப் பெருமைப்படலாம்.) அரசன் அவளைத் தேடி அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அந்த வழியில்தான், தேவியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன் குறுக்கே விழுந்து, சிலம்புத் திருடன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அவ்வளவுதான். ஊர்காப்பாளரைக் கூப்பிட்டு, தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவருக என்று சொல்லிவிட்டு அரசன் நடையைக் கட்டுகிறான்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஊடலும் பாட்டும் சந்தேகமும், பிறகு கேட்காமல் கொடுத்த தீர்ப்பும் இரண்டிலும் இருப்பது தெரியும். கோவலன் மாதவிக்குச் செய்ததைத்தான் பாண்டியன் கோவலனுக்குச் செய்கிறான். கவிஞர் இதை ஓரிடத்திலாவது விளக்கினாரா? இல்லை. ஒரே செயலை வேறு ஆளுக்கு, வேறு ஊரில், இன்னும் பெரிய விலைக்கு மறுபடி நடக்கவிடுகிறார். கருத்து வளர்வது என்று நான் சொல்வது இதைத்தான். முதல் தடவை அது ஒரு காதலர் சண்டை. இரண்டாம் தடவை அது கொலை.

இருவரும் பிழையை ஒப்புக்கொள்ளும் விதமும் இணையாகவே போகிறது. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த மாதவியின் இரண்டாவது ஓலையைக் கோவலன் படிக்கிறான். அதில் அவள் கேட்பதெல்லாம், நான் செய்த பிழை என்னவென்றே தெரியவில்லையே என்பதுதான். படித்தவன் இவள்மேல் தீது இல்லை, ‘என் தீது’ என்று உணர்கிறான். சில காதைகள் கழித்து, கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் பாண்டியன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி விழுகிறான். முதல் ஒப்புதல் காலம் கடந்து வந்தாலும் கோவலன் மனச் சோர்வைக் கொஞ்சம் ஆற்றியது. இரண்டாவதால் யாருக்கும் பயனில்லை.

கொலைக்களக் காதையில் பாண்டியனை இளங்கோ ‘தேரானாகி’ என்கிறார், அதாவது ஆராயாதவனாகி. அதற்கு முந்தைய அடியே ‘வினைவிளை காலம்’ என்று ஊழைச் சொல்லிவிடுகிறது. ஊழா, அரசன் குற்றமா என்று நாம் பட்டிமன்றம் வைக்கலாம். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். பிறகு அவையில் நின்று கண்ணகி எடுத்த எடுப்பிலேயே ‘தேரா மன்னா’ என்கிறாள். கவிஞர் நம்மிடம் மட்டும் சொன்ன குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவள் வாயால் அரசன் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது.

மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து சொல்லும் முற்பிறவிக் கதையை ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கோவலன் அன்று பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பிடித்து அரசனிடம் காட்டிக் கொல்லவைக்கிறான். சங்கமன் மனைவி நீலி துயரம் தாங்காமல் சாபமிட்டு இறக்கிறாள். மறுபடியும் வணிகன், பொய்க் குற்றம், விசாரணையில்லாத கொலை, தனித்துவிடப்பட்ட மனைவி. ஊழ் என்ற பெயரில் வந்தாலும் அதே இழைதான் ஓடுகிறது.

இத்தனை பேர் கேட்காமல் தீர்ப்பு எழுதும் காப்பியத்தில் கேட்டுச் செய்யும் ஆள் கண்ணகிதான். ஆய்ச்சியர் சேரியில் நின்று சூரியனிடமே, என் கணவன் கள்வனோ என்று கேட்கிறாள். அவள் ஏவிய தீகூட ஆள் பார்த்துத்தான் எரிகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்கிறாள். அந்தப் பட்டியலில் யாருக்கு முதலிடம் என்பது பற்றி எனக்குச் சண்டை உண்டு, அது வேறு பதிவு. ஆத்திரத்தின் உச்சியிலும் அவள் வேறுபாடு பார்த்தாள் என்பது மட்டும் இங்கே போதும்.

வஞ்சிக் காண்டத்தில் எனக்குப் பிடிப்புத் தளர்கிறது. செங்குட்டுவன் இமயம் போய்க் கல் கொண்டுவருவதும், கனக விசயர் தலையில் அதை ஏற்றுவதும் வேறு ஒரு நூலின் ஆரவாரம் போலத்தான் படுகின்றன. ஆனால் அந்தக் காண்டத்தின் நீர்ப்படைக் காதையில் ஒரு செய்தி ஓரமாக வருகிறது. கொற்கையில் இருந்த பாண்டியர் குலத்து வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் பலி கொடுத்தான். அதன் பிறகு பாண்டிய நாட்டில் மழை பெய்தது, நோய் நீங்கியது என்று நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை மகிழ்ச்சியாகவே சொல்கிறது.

திருடியவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் ஒருவனையும் யாரும் விசாரித்ததாக நூலில் இல்லை. ‘தேரா மன்னா’ என்று கேட்க ஒருத்திக்குச் சிலம்பு இருந்தது. இந்த ஆயிரம் பேரின் மனைவியருக்காக ஒரு அடிகூட எழுதப்படவில்லை. இளங்கோ தெரிந்தேதான் இதை இங்கே வைத்தாரா, அல்லது தான் 20 காதைகளாக வளர்த்த கருத்து தன்னையே மீறி வெளியே நிற்பதைப் பார்க்கத் தவறினாரா? நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதனாலேயே அந்தச் சில அடிகளைத் தாண்டி என்னால் எளிதாகப் போக முடிவதில்லை.